நிரோஷினி டீச்சரின் வியாழக்கிழமை

அனுப்புநர்:
திருமதி சின்னமுத்து பேச்சியம்மா,
(ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி)
கீழ்ப்பிரிவு, கல்மேட்டுத் தோட்டம்,
தெல்தோட்டை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை.

(இம்மனு யார் ஊடாகவும் அனுப்பப்படவில்லை. நானே நேரில் வந்து கொடுக்கிறேன்.)

விடயம்: கல்மேடு தமிழ் வித்தியாலயத்தின் விஞ்ஞான ஆசிரியை செல்வி நிரோஷினி அவர்களை இடமாற்ற வேண்டாம் எனவும், வியாழக்கிழமைகளில் அவர் கண்டிக்குச் சென்று பயிற்சி பெறத் தாங்கள் தந்த அனுமதியை நிறுத்த வேண்டாம் எனவும் கோருதலும், அந்த அனுமதியைத் தந்ததற்கு நன்றி கூறுதலும்.

கனம் ஐயா,

1. கடந்த ஒக்டோபரில், வாணி விழா முடிந்து வந்த சனிக்கிழமையன்று, எமது பாடசாலையின் விஞ்ஞான அறையில் இருந்தவர்கள் பின்வருமாறு. அதிபர் வேலாயுதம் ஐயா, வாசலோரக் கதிரையில். எமது விஞ்ஞான ஆசிரியை நிரோஷினி டீச்சர், நின்றபடி. அலவத்துகொடையிலிருந்து வந்த ஹபீலா டீச்சர். அக்குறணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இன்ஷாப் சேர். பிலிமத்தலாவையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த பர்ஹானா டீச்சர். அவரோடு, வட்டிலப்பச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டே பயணம் செய்த கைரியா டீச்சர். பக்கத்துத் தோட்டப் பாடசாலையின் ஜெகதீசன் சேர். பத்தாந்தரப் பிள்ளைகள், அவர்களில் என் பேத்தி யசோதினியும் ஒருத்தி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அவர் பெயரைப் பிறகு எழுதுகிறேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் முறை அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்ததால் நானும் இருந்தேன்.

வேறு ஒருவரும் இல்லை. தங்கள் கைக்கு வந்திருக்கும் புகாரில் "பெற்றோர் பலரின் முன்னிலையில்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அது பொய். ஆசிரியர்களைத் தவிர, பெரியவர்கள் என்று அங்கே நின்றது செயலாளரும் நானும்தான். அதிலும் நான் பெற்றோர் அல்ல, அப்பாயி.

2. மேலே சொன்னவர்களில் நிரோஷினி டீச்சரையும் ஹபீலா டீச்சரையும் செயலாளரையும் தாங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும். மற்றவர்களை நான் வைத்திருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருளவும். நடந்ததில் பிழை இராது. பேச்சியம்மாவிடம் போன பேச்சு கல்லில் வெட்டினது என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். அதைப் புகழ்ச்சியாக யாரும் சொல்வதில்லை.

3. முதலில் தாங்கள் அறிய வேண்டியது எமது பாடசாலையின் அலுமாரியைப் பற்றி. என் பிள்ளைகள் படித்த காலத்தில் விஞ்ஞான சாமான்கள் லொறியில் வந்து இறங்கின. பெட்டிகளைத் தூக்கி வைத்தவர்களில் காலஞ்சென்ற என் வீட்டுக்காரரும் ஒருவர். வைத்த சாமான்கள் வைத்தபடியே இருந்தன. காரணம், வருஷா வருஷம் பொருட் கணக்கெடுப்பு வரும். ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்திருந்தாலும் பொறுப்பான ஆசிரியர் விளக்கம் எழுத வேண்டும், அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். திறக்காத பெட்டியில் எதுவும் உடையாது. ஆகவே அக்காலத்துப் பிரதி அதிபர் சாவியைத் தம் மேசைக்குள் பூட்டி, மேசைச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். எமது பாடசாலையில் கணக்கு எப்போதும் சரி என்று பாராட்டும் வாங்கினார். அந்தப் பாராட்டு விழாவில் மாலை கட்டியவள் நான். ஏன் கட்டினேன் என்று அப்போது யோசிக்கவில்லை, பிறகு நிறைய யோசித்தேன்.

4. ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் அலுமாரி திறக்கும். அது வாணி விழா. சின்னதைப் பெரிதாகக் காட்டும் நுணுக்குக்காட்டி என்ற கருவியை எடுத்து வந்து சரஸ்வதி படத்தின் காலடியில் வைப்பார்கள். புத்தகத்துக்கும் மிருதங்கத்துக்கும் வைப்பது போல அதற்கும் சந்தனம் குழைத்து மேலே, நடுவே, கீழே என்று பொட்டு வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமமும் வைப்பார்கள். பூசாரி வைப்பார், சங்கத்தார் வைப்பார்கள், பக்தி மிகுந்த பிள்ளைகளும் வைப்பார்கள். விழா முடிந்ததும் துணியால் மூடி மறுபடி உள்ளே. இதில் யார் மேலும் குற்றமில்லை, ஐயா. படிப்பைக் கும்பிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

5. இப்படிப்பட்ட பாடசாலை ஒன்றில் படித்து வந்தவர்தான் நிரோஷினி டீச்சரும். உயர்தரம் முடித்து, ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்று, பிறகு ஆசிரியர் கலாசாலைக்கும் போய் வந்தவர். கலாசாலையில் நுணுக்குக்காட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தில், இவருக்கு முன்னால் நின்றவரின் கொண்டை மட்டும்தான் தெரிந்ததாம். எமது பாடசாலைக்கு வந்த பிறகு, சேவையில் இருப்பவர்களுக்கான பயிற்சி என்று பல தடவை கண்டிக்கு அழைத்தார்கள். அத்தனையும் சிங்களத்தில். டீச்சருக்குப் பஸ் ஏறவும் மரக்கறி வாங்கவும் போதுமான சிங்களம் உண்டு. ஒட்சியேற்றம் என்றால் என்னவென்று எழுந்து நின்று கேட்கப் போதாது. ஆகவே வரவுப் பதிவில் ஒப்பமிட்டு, பகல் சாப்பாட்டுப் பார்சலை வாங்கி, மாலை பஸ்ஸில் திரும்பி வருவார். அந்தப் பார்சலைப் பல நாள் பிரிக்காமலே கொண்டுவந்து எங்கள் லயத்துப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார். ஏன் டீச்சர் சாப்பிடவில்லை என்று ஒரு தரம் கேட்டேன். வேலை செய்யாமல் கூலி வாங்கின மாதிரி இருக்கிறது என்றார்.

அப்போதிருந்த ஓர் அதிகாரியிடம் தமிழில் எப்போது நடத்துவீர்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, தமிழ்மொழி விஞ்ஞான ஆலோசகர் பதவி வெற்றிடம், அடுத்த வருடம் வருவார் என்று சொல்லப்பட்டது. மறு வருடமும் அதுவே சொல்லப்பட்டது. அந்த அதிகாரியின் பெயர், அவர் கட்டியிருந்த கழுத்துப்பட்டியின் நிறம் இரண்டும் டீச்சர் சொல்லி எனக்குத் தெரியும். ஆள் ஓய்வுபெற்றுப் போய்விட்டபடியால் இங்கே எழுதவில்லை.

6. இனி நன்றி. தாங்கள் இந்த வலயத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நிரோஷினி டீச்சரும் ஹபீலா டீச்சரும் தங்களைக் காண வந்தார்கள். ஆலோசகர் வரும்வரை தமிழ்மொழிப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒன்றுகூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுக்க அனுமதி கேட்டார்கள். தாங்கள் இருவரையும் கதிரையில் உட்கார வைத்துக் கேட்டதாகவும், இடையில் வந்த தொலைபேசியை எடுக்கவில்லை என்றும் அறிந்தேன். அதை நான் மறக்க மாட்டேன். வியாழக்கிழமை கண்டியில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பாடசாலையில் என்று ஒழுங்கு செய்து தந்தீர்கள். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கும் நன்றி. வியாழக்கிழமை விடுபடும் பாடங்களை டீச்சர் புதன்கிழமை பாடசாலை விட்ட பின் நடத்தி முடித்துவிடுகிறார். இது அந்தப் புகாரில் எழுதப்படவில்லை.

வியாழக்கிழமை போனவர் வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு வெள்ளி, செவ்வரத்தம்பூவைக் கசக்கிச் சாறு எடுத்து, தேசிக்காய்ப் புளி பட்டால் ஒரு நிறம், சவர்க்காரத் தண்ணீர் பட்டால் இன்னொரு நிறம் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். அன்று மாலை எங்கள் லயத்தில் ஒரு செவ்வரத்தம்பூ மிஞ்சவில்லை. யசோதினி என் அடுப்படியில் இருந்த மோர், சாம்பல் தண்ணீர், ரசம் எல்லாவற்றையும் சோதித்தாள். ரசத்தில் புளி கூடிப்போய்விட்டது என்று எனக்கே தீர்ப்புச் சொன்னாள். முன்பு இந்தப் பிள்ளை "அமிலம் என்பது யாதெனில்" என்று சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தவள், ஐயா.

7. இந்த வருடம் வாணி விழா முடிந்ததும் நிரோஷினி டீச்சர் நுணுக்குக்காட்டியை மறுபடி அலுமாரிக்குள் வைக்க விடவில்லை. உடைந்தால் நானே பொறுப்பு என்று அதிபரிடம் எழுதிக் கொடுத்து, விஞ்ஞான அறை மேசையில் வைத்தார். வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்தார். கருவியின் நடுவில், இரண்டு கவ்விகளுக்கு இடையில், ஒரு சிறு கண்ணாடித் துண்டு மாட்டியிருந்தது. அது கருவியோடு பிறந்தது என்று டீச்சர் நினைத்தார். அதைக் கழற்ற வேண்டும், பார்க்கும் பொருளை வேறு சுத்தமான கண்ணாடியில் வைத்து அங்கே மாட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமைகளில் அந்தப் பாடத்துக்கு அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

வெங்காயத் தோலை அந்தக் கண்ணாடியின் மேல் வைத்துச் சக்கரத்தைத் திருகினார். மங்கல் மெல்லத் தெளிந்தது. மஞ்சளாகக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. கட்டத்துக்குள் சிவப்புப் புள்ளி. பாடநூலில் வெங்காயக் கலத்தின் படமும் அப்படியேதான் இருக்கிறது, சுவரும் நடுவில் புள்ளியுமாக. வகுப்பே வரிசையில் நின்று பார்த்தது, எல்லோரும் வரைந்தார்கள். யசோதினி வீட்டுக்கு ஓடி வந்து, "அப்பாயி, வெங்காயத்துக்குள்ள குட்டிக் குட்டியா செவப்புக் கண்ணு இருக்கு" என்று சொன்னாள். நானும் நம்பினேன்.

8. சனிக்கிழமை மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் வந்தார்கள். முஸ்லிம் ஆசிரியர்களுக்கு மனத்தில் ஐயம் வரக்கூடாது என்று புதுச் சட்டியில் மரக்கறி மட்டும் சமைத்திருந்தேன். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, நிரோஷினி டீச்சர் ஆசையோடு ஹபீலா டீச்சரைக் கூட்டிப்போய் நுணுக்குக்காட்டியைக் காட்டினார். ஹபீலா டீச்சர் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பிள்ளைகள் வரைந்த படங்களைப் பார்த்தார். எந்தச் சாயம் போட்டீர்கள் என்று கேட்டார். சாயம் ஒன்றும் போடவில்லை என்றார் எங்கள் டீச்சர். அப்படியானால் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தனக்குள் கேட்பது போலச் சொல்லிக்கொண்டு, கவ்வியை நீக்கி அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். நகத்தால் சுரண்டினார். மூக்கருகே வைத்துப் பார்த்தார். வேறு யாரிடமும் நீட்டாமல் எங்கள் டீச்சரிடம் மட்டும் நீட்டினார்.

"இது வெங்காயமில்ல டீச்சர். சந்தனம். செகப்பு குங்குமம் போல ஈக்குது. இந்தக் கண்ணாடியக் கழட்டலாம். அத உங்களுக்கு ஒத்தரும் காட்டித் தரல்ல."

காய்ந்து வெடித்த சந்தனத்தைத்தான் பத்தாந்தரம் முழுவதும் வரைந்திருந்தது.

9. ஐயா, இந்த இடத்தைத் தாங்கள் பொறுமையாக வாசிக்கும்படி வேண்டுகிறேன். புகார் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நிரோஷினி டீச்சருக்கு அப்போது சொல்வதற்குப் பல வழி இருந்தது. பிள்ளைகள் கண்ணாடியை அழுக்காக்கிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். கருவி பழுது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் நிற்கிறார்கள், அதிபர் இருக்கிறார், செயலாளர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். டீச்சரின் முகம் செத்துப் போயிற்று. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நான் இதுக்கு முன்னாடி இதுக்குள்ள பார்த்ததே இல்லீங்க."

இன்ஷாப் சேர் சிரித்துவிட்டார். அவரை நான் முறைத்தேன். அவர் பெயரை என் கணக்கில் எழுதவும் ஆயத்தமானேன். ஆனால் அவர் சிரித்தது தம்மை நினைத்து. மூன்று வருடமாகச் சுடரடுப்பை ஒரு நாளும் பற்ற வைக்காமலே படிப்பித்திருக்கிறார், பயத்தில். பிள்ளைகள் கேட்டால் வாயு முடிந்துவிட்டது என்பாராம். "அந்த காஸ் மூணு வருஷமா முடிஞ்சு கொண்டே ஈந்த" என்றார். அதற்குப் பிறகு பர்ஹானா டீச்சர், மின்னோட்டம் அளக்கும் கருவியைப் பிழையாக இணைத்து எரித்துவிட்டு அலுமாரியின் பின்னால் ஒளித்து வைத்ததைச் சொன்னார். கைரியா டீச்சர், கந்தகம் எந்த நிறத்தில் எரியும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிப் போட்டாலும் எரிந்து தாம் கண்டதில்லை என்றார். ஜெகதீசன் சேர் கடைசியாக, நான் சமய பாட ஆசிரியர், விஞ்ஞானத்துக்கு ஆளில்லை என்று தந்துவிட்டார்கள், எனக்கு எது தெரியாது என்பதே தெரியாது என்றார். ஹபீலா டீச்சரும் விடவில்லை. இந்தக் கண்ணாடியைக் கழற்றலாம் என்பது தமக்கும் முன்பு யாரோ ஒரு டீச்சர் காட்டித்தான் தெரியும் என்றார்.

படித்த மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக எனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். துரைமார் சொல்லிக் கேட்டதில்லை. தலைவர்மார் சொல்லிக் கேட்டதில்லை. கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அதிபர் ஐயா தம் கோப்பையைத் தாமே வந்து எடுத்துக்கொண்டார்.

10. அதன் பிறகு சிரிப்பும் பேச்சுமாக வேலை நடந்தது. கண்ணாடியைக் கழுவினார்கள். ஹபீலா டீச்சர் வெங்காயத்தில் எந்தத் தோலை உரிக்க வேண்டும், எப்படி மடியாமல் விரிக்க வேண்டும், அயடீன் எவ்வளவு விட வேண்டும் என்று நிரோஷினி டீச்சரின் கையைப் பிடித்துச் செய்வித்தார். முதல் தரம் காற்றுக் குமிழிதான் தெரிந்தது. அதுவும் நல்லது, குமிழி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். அடுத்த தரம் கலங்கள் தெரிந்தன. பிள்ளைகள் பார்த்த பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்கள். மினுமினுவென்று, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஓலைப் பாய் முடைந்தது போல இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. இத்தனை காலம் உரித்தும் நான் காணாத வெங்காயம்.

திங்கட்கிழமை டீச்சர் வகுப்பில் செய்ததை யசோதினி சொன்னாள். முன்பு வரைந்த படத்தைக் கிழிக்க வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இப்போது கண்டதை வரையுங்கள், பிழை என்னுடையது என்றாராம். பிள்ளைகள் சிரித்தார்களாம். டீச்சரும் சிரித்தாராம். அதற்குப் பிறகு வகுப்பில் விளங்கவில்லை என்று கை தூக்கப் பயப்படுகிற பிள்ளை இல்லை என்று என் பேத்தி சொல்கிறாள்.

11. செய்தி தெல்தோட்டைக் கடைவீதிக்குப் போனது. அங்கே ஒரு மளிகைக் கடைக்காரர் எமது செயலாளரைப் பார்த்து, "என்ன செயலாளரே, ஒங்க ஸ்கூல்ல வெங்காயத்துக்கும் பொட்டு வைக்கிறீங்களாமே" என்று கேட்டிருக்கிறார். கடையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தப் புகார் பிறந்தது. சனிக்கிழமை சுவரில் சாய்ந்து நின்று ஒரு வார்த்தை பேசாதவர், நான் சமைத்ததைச் சாப்பிட்டவர், வட்டிலப்பத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவர், அடுத்த வாரம் பேனாவோடு லயம் லயமாக இறங்கினார்.

புகாரை அவர் வாசித்துக் காட்டியது என் அடுப்படியில். அதில் இருப்பது இதுதான்: ஆசிரியைக்குப் பாடம் தெரியாது, பிள்ளைகளுக்குப் பிழையாகப் படிப்பித்தார், வியாழக்கிழமைகளில் வகுப்பை விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறார், சாதாரண தரப் பரீட்சைக்கு நோட்ஸ் முடிக்கவில்லை, இவரை மாற்றி, பாடம் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். வாசித்துவிட்டு என்னையும் ஒப்பமிடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். "தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டார். அதற்குப் பதிலை எழுத்தில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். கீழே சொல்கிறேன்.

12. தெரியாதவர் என்று இவரை அனுப்பினால், தெரிந்தவர் எங்கிருந்து வருவார்? வருகிறவரும் இதே மாதிரி அலுமாரியைப் பார்த்துப் படித்தவராகத்தான் இருப்பார். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கும். அவர் தெரியாது என்று சொல்ல மாட்டார். சொன்னவருக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அலுமாரி மறுபடி பூட்டப்படும். கணக்கு மறுபடி சரியாக இருக்கும்.

மலையில் புதிதாகக் கொழுந்தெடுக்க வருகிற பிள்ளையைத் தனியாக ஒரு நிரையில் விடுவதில்லை, ஐயா. பழகின கையின் பக்கத்து நிரையில் விடுவார்கள். பார்த்துப் பார்த்து விரல் பழகும். முற்றின இலையைக் கிள்ளினால் பக்கத்தில் இருப்பவள் திட்டுவாள், பிறகு காட்டுவாள். கங்காணி அந்தப் பிள்ளையை முதல் நாளே விரட்டுவதில்லை. டீச்சர்மாரை மட்டும் நாங்கள் தனி நிரையில் விட்டுவிட்டு, கூடை நிறையவில்லை என்று கேட்கிறோம்.

13. ஆகவே நான் தங்களிடம் கேட்பது:

(அ) செல்வி நிரோஷினி அவர்களை எமது பாடசாலையிலிருந்து மாற்ற வேண்டாம்.

(ஆ) வியாழக்கிழமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நிற்பது ஒரு டீச்சரின் பயணம் மட்டுமல்ல. அன்று எங்கள் விஞ்ஞான அறையில் வாய் திறந்த அத்தனை பேரும் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள்.

(இ) தமிழில் பேசும் விஞ்ஞான ஆலோசகர் ஒருவரை அனுப்பித் தாருங்கள். மேடையில் பேசுகிறவர் வேண்டாம். வகுப்பின் பின்வரிசை வாங்கில் வந்து இருந்து பார்த்து, பாடம் முடிந்ததும் டீச்சரைத் தனியே கூப்பிட்டு, இதை இப்படிப் பிடியுங்கள் என்று காட்டுகிறவர் வேண்டும். ஹபீலா டீச்சர் போன்றவர். முடிந்தால் அவரையே.

(ஈ) பாடம் நடக்கும்போது உடைகிற கண்ணாடிக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்க வேண்டாம். வீட்டில் சமைத்தால் சட்டி உடையத்தான் செய்யும். அலுமாரியில் உடையாமல் இருப்பதற்கு விளக்கம் கேளுங்கள்.

விசாரணைக்குத் தங்கள் அதிகாரிகள் வரும் நாளில் என்னையும் அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று யார் எங்கே நின்றார், யார் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொல்வேன்.

14. மனுவை முடிக்கும் முன் என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நன்றி சொல்ல வந்த இடத்தில் பழைய கோபத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த பிரதி அதிபரை மன்னித்துவிட்டேன். அவர் இறந்த பிறகும் கொஞ்சக் காலம் கோபமாகத்தான் இருந்தேன், இப்போது இல்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்ற அதிகாரியையும் மன்னித்தேன். புகாரில் ஒப்பமிட்ட அயலவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. கூடையை இறக்கி வைக்கும் நேரத்தில் பேனாவை நீட்டினால் யாரும் ஒப்பமிடத்தான் செய்வார்கள். மளிகைக் கடைக்காரரையும் மன்னித்தேன். அவர் கடையில் இனி வெங்காயம் வாங்குவதில்லை என்பது வேறு விடயம்.

செயலாளரை மன்னிக்கவில்லை. அவர் இதே பாடசாலையில், இதே அலுமாரிக்கு முன்னால் இருந்து படித்தவர். பொல்லாத படிப்பாளி. விஞ்ஞான நோட்ஸ் முழுவதையும் பாடமாக்கி, நான் விறகு வெட்டும்போது பின்னால் நின்று ஒப்புவிப்பார். சாதாரண தரப் பரீட்சையில் கருவிகளின் படத்தைப் போட்டு, எதை எப்படிப் பாவிப்பது என்று கேட்டிருந்தார்கள். விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றே அவருக்குத் தெரிந்திருந்தது. வாசற்படியில் இருந்துகொண்டு, "கண்ணால காணாதத எப்படிம்மா எழுதுறது?" என்று என்னைக் கேட்டார். பிறகு கொழும்பில் ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போய் ஊர் திரும்பினார். நான் பெற்ற பிள்ளைதான், ஐயா. யசோதினியின் தகப்பன்.

அவர் கேட்ட கேள்விக்கு, இத்தனை வருடம் கழித்து ஒரு டீச்சர் அந்தப் பூட்டைத் திறந்து அவருடைய மகளின் கண் முன்னால் பதிலை வைத்தார். அந்த டீச்சரைத்தான் இவர் போகச் சொல்கிறார். ஊரில் வேறு யார் ஒப்பமிட்டிருந்தாலும் விளங்காமல் செய்தார்கள் என்று விட்டிருப்பேன். இவருக்கு விளங்கும். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

தாங்கள் நிரோஷினி டீச்சருக்குத் தந்த வியாழக்கிழமைகளுக்காக நானும், வாய் திறந்து சொல்லத் தெரியாத எங்கள் லயத்துத் தாய்மாரும் தங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். தந்ததைத் திரும்ப எடுத்துவிடாமல் காத்தருளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் நீதியை நம்பி ஒப்பமிடுபவள்,

சி. பேச்சியம்மா

இடம்: கல்மேட்டுத் தோட்டம், தெல்தோட்டை.
திகதி: 2025.11.06

பிரதிகள்:

1. அதிபர், கல்மேடு தமிழ் வித்தியாலயம் – தகவலுக்காக.

2. ஹபீலா டீச்சர், அலவத்துகொடை – நன்றியுடன்.

3. சின்னமுத்து கணேஸ், செயலாளர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் – ஒரே வீட்டில் இருப்பதால் கையில் கொடுக்கப்பட்டது.